நான்காம் எண் கடிதம்

அவளுக்கு வேலை கிடைத்த அன்று வீட்டில் இரண்டு பேர் சந்தோஷப்பட்டார்கள். அண்ணன், அண்ணி. அவள் அதில் சேரவில்லை.

ஆறு வருடமாக ஒரு நாவல் எழுதியிருந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதை ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டு எட்டு மாதம் காத்திருந்தாள். கையெழுத்துப் பிரதி திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுக் காகிதம், அச்சடித்தது. 'தங்கள் படைப்பை ஆர்வத்துடன் பரிசீலித்தோம். தற்போது வெளியிட இயலாமைக்கு வருந்துகிறோம்.' மேலே புள்ளி வைத்த கோட்டில் அவள் பெயரை மட்டும் யாரோ பேனாவால் நிரப்பியிருந்தார்கள்.

"மாட்டேன்னு சொல்றதுக்குக்கூட எனக்குன்னு ஒரு வரி எழுதக் கூடாதா?" என்று அண்ணனிடம் கேட்டாள், பதிப்பகத்தை அவன்தான் நடத்துகிறான் என்பது போல.

அண்ணன் குரலை உயர்த்தாதவன். "ஒரு ஆறு மாசம் வேலைக்குப் போய்ப் பாரேன். வெளியில நாலு பேரைப் பாத்தா எழுதறதுக்கும் ஏதாவது கிடைக்கும்," என்றான். அவன் நாவலின் இருபதாவது பக்கத்தில் தூங்கிப்போனவன். அண்ணி கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு, கதாநாயகி சாகவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக மூடி வைத்தவள். அந்த நாவலுக்கு அதுவரை கிடைத்த வாசகர்கள் இவ்வளவுதான்.

லிஃப்ட் பராமரிக்கும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. முதல் நாளே இது அவளுக்குப் பொறுக்கவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது, அதைச் சொல்லவும் முடியவில்லை.

ஆறு மேசைகள். ஒரு ஜன்னல் திறக்கும், மற்றொன்று திறக்காது. பிரிவுக்கு மேலாளர் ஒரு பெண்மணி. எல்லோருக்கும் அவர் மேடம். அவளை உட்காரவைத்து, காலிகோ அட்டை போட்ட ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். அதில் பதினான்கு கடிதங்கள் இருந்தன. ஒன்றிலிருந்து பதினான்கு வரை எண் போட்டிருந்தது.

"புகாரைப் படிக்கணும். எந்த நம்பர்னு முடிவு பண்ணணும். போடணும். அவ்வளவுதான்."

"கடிதம் எழுதற வேலைன்னு சொன்னாங்களே, மேடம்."

"எழுதணும்தான். பேர், விலாசம், தேதி."

பதினான்குக்குள் அடங்காத புகார் இருபத்திரண்டு வருடத்தில் வந்ததில்லை என்றும் மேடம் சொன்னார். மூன்று என்றால் மெக்கானிக் வருகிறார். ஐந்து என்றால் உதிரிபாகத்துக்கு எழுதியிருக்கிறோம். ஏழு என்றால் ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். நான்கு என்றால், 'தங்கள் கடிதம் கிடைத்தது. அது எங்கள் கவனத்தில் உள்ளது. பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்கப்படும்.'

எந்தக் காகிதத்தைப் பார்த்து அவள் எட்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையோ, அதே மாதிரிக் காகிதத்தை நாளொன்றுக்கு நாற்பது பேருக்கு அனுப்புவதுதான் அவள் வேலை. உலகத்தில் வேறு வேலையே இல்லையா என்று அவள் கேட்டாள். அண்ணன் சோப்புக் கம்பெனியில் ஒன்று இருந்தது என்றான்.

அலுவலகத்தில் எல்லோரும் எண்ணிலேயே பேசினார்கள். பக்கத்து மேசைத் தட்டச்சுக்காரி ஒரு நாள் காலையில் வந்து, "நேத்து வீட்டுக்காரர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டார். ஏழு போட்டேன், சரியாயிட்டார்," என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அது நகைச்சுவையாகச் சொல்லப்படவில்லை.

முதல் வாரத்திலேயே அவள் விதியை மீறினாள். எட்டாவது மாடியில் இருந்த ஒரு தையற்காரம்மா எழுதியிருந்தார். லிஃப்ட் நின்று பதினொரு நாள் ஆகிறது, துணி மூட்டையோடு ஏறி இறங்க முடியவில்லை, வாடிக்கைக்காரர்கள் மேலே வருவதை விட்டுவிட்டார்கள் என்று. அவள் எண்ணைத் தேடவில்லை. இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதினாள். படிகளைப் பற்றியும், ஒரு மூட்டையின் கனம் ஒவ்வொரு மாடியிலும் எப்படி மாறுகிறது என்பதைப் பற்றியும். எழுதி முடித்தபோது அவளுக்கே கண் கலங்கியது.

எதிர் மேசைக்காரன் அதை வாங்கிப் படித்தான். அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினொரு வருடம் மெக்கானிக்காக இருந்தவன். லிஃப்ட் குழிக்குள் விழுந்து வலது முட்டி போனபின் மேசைக்கு மாற்றினார்கள். சட்டைப் பையில் விரல் நீளத்துக்கு ஒரு ரசமட்டம் வைத்திருப்பான். எந்த மேசையில் உட்கார்ந்தாலும் அதை எடுத்து வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பான். அதனால் அவனுக்குப் பெயரே ரசமட்டம்தான்.

அவன் கடிதத்தை முழுக்கப் படித்தான். திருப்பிக் கொடுத்தான்.

"நல்ல கடிதம். ஆனா மெக்கானிக் எந்தத் தேதிக்கு வர்றார்னு இதுல இல்லையே."

அவன் சொன்னதில் எந்தக் குத்தலும் இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

மேடம் அந்தக் கடிதத்தை அனுப்பவில்லை. மூன்றாம் எண் போனது. அடுத்த வியாழக்கிழமை லிஃப்ட் ஓடியது. தையற்காரம்மா நன்றி எழுதினார், அந்த மூன்றாம் எண் கடிதத்துக்கு.

அன்றிலிருந்து வீட்டில் தினமும் மாலை ஒரு மணி நேரம் அவள் ரசமட்டத்தைத் திட்டினாள். காகிதத்தின் ஓரத்தை மேசை ஓரத்தோடு சேர்த்து வைக்கிறான். பென்சிலைச் சீவி நீள வரிசைப்படி அடுக்குகிறான். தேநீர் ஆறியபின்தான் குடிக்கிறான், கேட்டால் சூடு போகட்டும் என்கிறான்.

அண்ணி துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். "இன்னைக்கு என்ன பண்ணினான்?" என்று அவளே எடுத்துக் கொடுப்பாள். ஒரு நாள், "ஒருத்தர் மேல இவ்வளவு கோபம் எனக்கு உங்க அண்ணன் மேலகூட வந்ததில்ல," என்றாள்.

"நீங்க வேற, அண்ணி."

"நான் ஒண்ணும் சொல்லல. அந்தத் தலையணை உறையைக் கொடு."

மூன்றாவது மாதம். மதிய இடைவேளைகளில் அவள் நாவலைத் திருத்திக்கொண்டிருந்தாள். புதிதாக ஒரு அத்தியாயம் சேர்த்திருந்தாள். காதலர்கள் இருவர் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள், விளக்கு அணைகிறது, பதினொரு பக்கம் இருட்டில் பேசுகிறார்கள். தான் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது என்று அவள் நினைத்தாள்.

"என்ன எழுதறீங்க?" என்றான் ரசமட்டம்.

"நாவல்."

"யாராவது முழுசா படிச்சிருக்காங்களா?"

இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. எதைப் பற்றி, எப்போது முடியும், எவ்வளவு பக்கம் என்று கேட்பார்கள். மறுநாள் காலை முந்நூற்று இருபத்து மூன்று பக்கத்தையும் நாடாவால் கட்டிக்கொண்டு வந்து அவன் மேசையில் வைத்தாள். வேறு பிரதி இல்லை. "எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க," என்றாள்.

நான்கு மணிக்கு அந்தப் பக்கம் போனபோது பார்த்தாள். நாவலின் முதல் பக்கத்தில், தலைப்புக்கு நேர் மேலே, ஊதா முத்திரை. 'பெறப்பட்டது.' தேதி. வரவு எண் 2217.

"என்ன பண்ணியிருக்கீங்க?"

அவன் முத்திரையைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். நிஜமாகவே அப்போதுதான் பார்க்கிறான்.

"கைப் பழக்கம். மேசைக்குக் காகிதம் வந்துதா, அடிச்சிட்டேன்."

"ஆறு வருஷம்," என்றாள் அவள். "ஆறு வருஷம் இதை எழுதினேன்."

"மை நல்ல மைதான். அழியாது," என்றான் அவன் கவலையோடு.

விஷயம் அதோடு முடியவில்லை. அந்த அலுவலகத்தில் முத்திரை விழுந்த காகிதத்தைப் பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும். 2218 ஏற்கெனவே வேறு கடிதத்தில் விழுந்துவிட்டதால் எண்ணை விட்டுவிடவும் முடியாது. ஏற்றினால் கோப்பு திறக்கும். கோப்பு திறந்தால் பதில் போக வேண்டும். முப்பது நாளுக்குள் கோப்பை மூடியாக வேண்டும், புகார் கொடுத்தவர் சீட்டில் கையெழுத்துப் போட்டால்தான் மூடலாம்.

மறுநாள் காலை அவள் மேசையில் ஒரு உறை இருந்தது. பிரித்தாள். 'தங்கள் கடிதம் கிடைத்தது. அது எங்கள் கவனத்தில் உள்ளது. பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்கப்படும்.'

புள்ளி வைத்த கோட்டில் அவள் பெயர்.

பதிப்பகத்துக்காரனுக்கு அவள் முகம் தெரியாது. இவன் தினமும் எதிரில் உட்காருகிறவன். அவள் பதினான்கு நாள் அவனோடு பேசவில்லை. அவன் பக்கம் இருந்த ஸ்டேப்ளரைக்கூடத் தட்டச்சுக்காரி வழியாகத்தான் கேட்டாள். வீட்டில் மட்டும் பேச்சு இரண்டு மணி நேரமானது. அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னும் நாலாம் நம்பர்தானா?" என்று கேட்டுவிட்டு உள்ளே வருவான்.

பதினைந்தாம் நாள் நாவல் திரும்பி வந்தது. நாடா பழையபடியே கட்டியிருந்தது. மேலே பதினோராம் எண் கடிதம். அது மெக்கானிக்குகள் நேரில் பார்த்து எழுதும் ஆய்வறிக்கை.

'பார்வையிட்ட தடவை: இரண்டு.
காணப்பட்ட குறைகள்:
பக்கம் 140. லிஃப்ட் நின்றதும் விளக்கு அணைவதாக உள்ளது. அணையாது. மின்சாரம் போனாலும் பேட்டரியில் சிறு விளக்கு எரியும். மின்விசிறிதான் நிற்கும்.
பக்கம் 141 முதல் 151 வரை. இருவரும் நட்சத்திரங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். மாட்டிக்கொண்டவர்கள் முதலில் மணி கேட்பார்கள். பிறகு எந்த மாடி என்பார்கள். பிறகு வீட்டுச் சாவி யாரிடம் என்று யோசிப்பார்கள்.
பக்கம் 203. அப்பாவுக்கு இடது கையில் கட்டு. பக்கம் 211இல் வலது கை.
பரிந்துரை: மேற்கண்டவை சரிசெய்யப்பட்டால் இயக்கத்துக்குத் தகுதியானது.'

அவன் அன்று சாயங்காலம் படியிறங்கிக்கொண்டிருந்தான். முட்டி மடங்காததால் பக்கவாட்டில், ஒவ்வொரு படியாக. அவள் இரண்டு படி கீழே போய் வழியை மறித்து நின்றாள்.

"நான் நாவல் எழுதியிருக்கேன். சர்வீஸ் ரிப்போர்ட் எழுதல."

"தெரியும். ரிப்போர்ட்னா அப்பாவோட கை மாறியிருக்காது."

"நட்சத்திரம் பேசக் கூடாதா?"

"நானூறு பேரையாவது வெளிய எடுத்திருப்பேன். ஒருத்தர் பேசல."

"பேசாததை எழுதறதுக்குப் பேர்தான் நாவல்."

அவன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு யோசித்தான். மேலிருந்து வந்த இரண்டு பேர் சுவரோரமாக ஒதுங்கிப் போனார்கள்.

"சரி, பேசட்டும்," என்றான். "விளக்கை மட்டும் எரியவிடுங்க. பேசறப்போ அவன் முகத்தை அவ பாக்கட்டும்."

அவள் வழியை விட்டுவிட்டாள். பேருந்தில் வீடு வரும்வரை கொதித்துக்கொண்டிருந்தாள். ஆறு வருடம் எழுதியவளுக்குத் தோன்றாதது, முட்டி போன ஒரு மெக்கானிக்குக்குப் படியில் நின்றபடி தோன்றுவதா.

வீட்டில் அறிக்கையை அண்ணி வாங்கிப் பார்த்தாள். கீழிருந்து மேலாகத்தான் அவள் எதையும் படிப்பாள். மேல் வரிக்கு வந்து நின்றாள்.

"ரெண்டு தடவை படிச்சிருக்கான்."

"ரெண்டு தடவை படிச்சும் நல்லா இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை இல்ல, அண்ணி. அது ஒண்ணுதான் கேட்டேன்."

"உங்க அண்ணன் என் கல்யாணப் பத்திரிகையையே ரெண்டு தடவை படிக்கல."

இருபத்தெட்டாம் நாள் தட்டச்சுக்காரி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அந்தச் சீட்டுல ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திடேன்ப்பா. 2217 இன்னும் திறந்து கிடக்கு. அவருக்கு ஏற்கெனவே ரெண்டு கோப்பு முப்பது நாள் தாண்டி மெமோ வாங்கியாச்சு. மூணாவது தாண்டினா திரும்ப சைட்டுக்குத்தான். குழிக்குள்ள, அந்த முட்டியோட."

"அதை அவர் என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லுவாரா அவர்? நாங்கல்லாம் அவசரத்துக்கு நாங்களே ஒரு கிறுக்கு கிறுக்கிடுவோம். அவர் மாட்டார். அந்த ரெண்டு மெமோவும் அதனாலதான்."

அவள் நேராக அவன் மேசைக்குப் போனாள். "கையெழுத்து வேணும்னு ஏன் கேக்கல?"

"உங்க குறை தீரல. தீராம வாங்கக் கூடாது."

"இப்பவே போட்டுத் தரேன். கொடுங்க."

"பொய்யா போட்டா எனக்குத் தெரியும்," என்றான் அவன். சீட்டைக் கொடுக்கவில்லை. பென்சில்களில் ஒன்றை எடுத்து, அதன் இடத்திலேயே மறுபடி வைத்தான்.

அவளுடைய நாவலுக்கு அவனுடைய முட்டி பணயமாகிவிட்டது. முத்திரை அடித்தது அவன், பழி அவளுக்கு. இதைவிட அநியாயம் அவள் கேள்விப்பட்டதில்லை. அன்று வீட்டில் அவள் திட்டவே இல்லை. அண்ணி இரண்டு முறை எடுத்துக் கொடுத்தும் பேசவில்லை. அண்ணனும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முப்பதாம் நாள் பதினோரு மணிக்கு மேடம் இருவரையும் கூப்பிட்டார். மேசையில் கோப்பு இருந்தது. 'கட்டடத்தின் பெயர்' என்ற இடத்தில் அவன் 'நாவல்' என்று எழுதியிருந்தான். 'மாடிகள்' என்ற இடத்தில் 'முப்பத்து நான்கு அத்தியாயம்'.

மேடம் அதைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அடுத்த வருஷம் எனக்கு ரிடையர்மென்ட். இது தேவையா எனக்கு?" பிறகு அவளிடம், "உன் குறை என்ன?" என்றார், தினமும் தொலைபேசியில் கேட்கும் அதே குரலில்.

"படிச்சது எப்படி இருந்துதுன்னு சொல்லல, மேடம்."

"தகுதியானதுன்னு எழுதியிருக்கானே. எட்டு வருஷமா இவன் அறிக்கை பாக்கறேன். ரெண்டே ரெண்டு லிஃப்டுக்குத்தான் அப்படி எழுதியிருக்கான்."

"நான் லிஃப்ட் கொடுக்கல, மேடம்."

மேடம் அவன் பக்கம் திரும்பினார். "சொல்லுப்பா. சொன்னா முடிஞ்சுது."

அவன் சட்டைப் பையைத் தொட்டான். ரசமட்டத்தை எடுக்கவில்லை.

"எனக்கு நல்லா இருக்கு, நல்லா இல்லைன்னு சொல்லத் தெரியாது. இதுக்கு முன்னாடி நான் கதை படிச்சதில்ல." பையிலிருந்து கையை எடுத்தான். "இருபதாவது அத்தியாயத்துல அந்தப் பொண்ணு வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள போகாம திரும்பிப் போவா. அதை பஸ்ல படிச்சேன். என் ஸ்டாப்ல இறங்கல. மூணு ஸ்டாப் தள்ளிதான் பாத்தேன். நடந்து வந்தேன்."

மூன்று நிறுத்தம். அந்த முட்டியோடு. திறக்கும் ஜன்னல் வழியாகத் தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுவது கேட்டது.

"ரெண்டாவது தடவை படிக்கிறப்போவும் அதே இடத்துல ஸ்டாப் தாண்டிடுச்சு," என்றான்.

"இதை ஏன் கடிதத்துல எழுதல?" என்றாள் அவள். கோபத்தில் அவள் கண் நிறைந்துவிட்டது. கோபத்தில்தான் என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

"அதுக்கு நம்பர் இல்லையே."

மேடம் சீட்டை அவள் பக்கம் தள்ளினார். அதில் இரண்டு வரி. 'குறை தீர்ந்தது.' அதன் கீழே 'மறு ஆய்வு தேவை.' இரண்டாவதைக் குறித்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும். இன்னும் முப்பது நாள். அந்த வரியை யாரும் பயன்படுத்தியதில்லை. அவள் இரண்டாவதைக் குறித்துக் கையெழுத்திட்டாள்.

மேடம் எடுத்துப் படித்தார். "இது அவனுக்குத் தண்டனையா, எனக்கா?"

"லிஃப்ட் அத்தியாயத்தைத் திருத்தப் போறேன், மேடம். அவர் திரும்பப் படிக்கணும்."

அவன் கையெழுத்தைப் பார்த்தான். உண்மையானது என்று தெரிந்திருக்க வேண்டும். சீட்டைக் கோப்பில் வைத்து, ஓரங்களைச் சேர்த்துத் தட்டினான்.

ஆறு மாதம் என்று போனவள் அங்கே ஒன்பது வருடம் இருந்தாள். மாதம் ஒரு மறு ஆய்வு நடந்தது. நட்சத்திரங்கள் பதினொரு பக்கத்திலிருந்து அரைப் பக்கமாயின. ஒவ்வொரு வரிக்கும் சண்டை போட்டுத்தான் விட்டுக்கொடுத்தாள். எட்டாவது ஆய்வுக்குப் பிறகு இருவரும் பதிவு அலுவலகத்தில் திருமணம் செய்துகொண்டார்கள். சாட்சி மேடமும் அண்ணியும். படிவத்தை நீட்டியபோது அவள், "இதுலயுமா புள்ளி வச்ச கோடு?" என்றாள். மாப்பிள்ளை அவள் கையிலிருந்து பேனாவை வாங்கி, முதலில் தேதியை நிரப்பினான்.

கல்யாணமாகி நான்கு வருடம் கழித்து ஒரு சிறிய பதிப்பகம் நாவலை வெளியிட்டது. ஒரே ஒரு மதிப்புரை வந்தது. 'மற்றவை எப்படி இருந்தாலும், லிஃப்டில் எரியும் அந்தச் சிறு விளக்கும், சாவி யாரிடம் என்ற கேள்வியும் மறக்க முடியாதவை. ஆசிரியர் இப்படி மாட்டிக்கொண்டவராகத்தான் இருக்க வேண்டும்.'

மற்றவை எப்படி இருந்தாலுமாம். அவள் அன்றே உட்கார்ந்து பத்திரிகைக்கு நான்கு பக்கம் மறுப்பு எழுதினாள். லிஃப்டில் தான் ஒரு நிமிடம்கூட மாட்டிக்கொண்டதில்லை என்றும், மீதி முந்நூறு பக்கத்தை மதிப்புரையாளர் படித்தாரா என்றும் கேட்டிருந்தாள். எழுதிக் கணவனிடம் கொடுத்தாள். அவன் முழுக்கப் படித்தான்.

"நல்ல கடிதம். தேதி இல்ல."

பல்லைக் கடித்துக்கொண்டு தேதி போட்டாள்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. மெல்லிய உறை. பிரித்துப் பார்த்துவிட்டு அவன் முன்னால் எறிந்தாள். அச்சடித்த துண்டுக் காகிதம். புள்ளி வைத்த கோட்டில் அவள் பெயர். அவன் ஆறிய தேநீரை வைத்துவிட்டு அதை எடுத்துப் படித்தான்.

"நாலு," என்றான்.